கிட்டார் சாதகத்தில் டெக்னிக்குக்கு எவ்வளவு, இம்ப்ரவைசேஷனுக்கு எவ்வளவு?

ஆறாம்தந்தி

வணக்கம். எலக்ட்ரிக் கிட்டார், ஸ்டாண்டர்டு ட்யூனிங். தினமும் 60 நிமிடம் ஒதுக்க முடிகிறது. மெட்ரோனோம் வைத்து ஏ மைனர் பென்ட்டடானிக் (ஐந்து ஸ்வர ஸ்கேல்) ஐந்து பொசிஷன்களையும் ஆல்டர்நேட் பிக்கிங்கில் (டவுன், அப் என்று மாற்றி மாற்றி அடித்து), பீட்டுக்கு நான்கு நோட்டாக, 100 பிபிஎம்மில் (நிமிடத்துக்கு 100 பீட்) சுத்தமாக வாசிக்க வருகிறது. ஆனால் ஏ-யில் 12 பார் ப்ளூஸ் (நான்கு பீட் கொண்ட 12 பார்கள் ஒரு சுற்று) பேக்கிங் ட்ராக், அதாவது பின்னணி இசை, போட்டால் 90-லேயே தடுமாற்றம். ட்ராக் ஷஃபிள் நடை, அதாவது ஒவ்வொரு பீட்டும் மூன்றாகப் பிரியும் நடை.

தடுமாறாத நேரத்திலும் கேட்க நன்றாக இல்லை. ஸ்கேலில் ஏறி இறங்குவது போலவே இருக்கிறது, எல்லா வரிகளும் முதல் பீட்டில்தான் தொடங்குகின்றன. சில வாரம் முழு நேரமும் இம்ப்ரவைசேஷனுக்கே (அந்தந்த நேரத்தில் கற்பனையாக வாசிப்பதற்கே) கொடுத்தால் விரல் சுத்தம் குறைகிறது. டெக்னிக்கிலேயே இருந்தால் மனோதர்மம் ஓரடி நகர்வதில்லை.

60 நிமிடத்தை எப்படிப் பிரிக்கலாம்? தினமும் இரண்டுமா, ஒருநாள் விட்டு ஒருநாளா? எதை முதலில் வைப்பது?

தாளக்கட்டு

நேரத்தை வெட்டுவதற்கு முன்னால் 100-ல் வரும் கை 90-ல் ஏன் வரவில்லை என்று பார்த்துவிடுவோம். காரணம் வேகம் இல்லை. சாதகத்தில் வலது கை செய்வது ஒரு வேலை, ட்ராக்கில் செய்ய வேண்டியது வேறு வேலை.

டவுன் ஸ்ட்ரோக்கில் (பிக் என்ற மீட்டும் தகட்டைக் கீழ்நோக்கி அடிப்பது; மேல்நோக்கி அடித்தால் அப்) தொடங்கி, தந்திக்கு இரண்டு நோட்டாக பென்ட்டடானிக்கில் ஏறிப் பாருங்கள். தடித்த தந்தியில் அப், உடனே அடுத்த மெல்லிய தந்தியில் டவுன். பிக் இரண்டு தந்திகளுக்கும் நடுவே இருந்தபடியே இரண்டையும் தொடுகிறது. இது இன்சைட் பிக்கிங். இறங்கும்போது மெல்லிய தந்தியில் அப், தடித்ததில் டவுன். பிக் இரண்டு தந்திகளையும் வெளிப்பக்கமாகச் சுற்றி வர வேண்டும். இது அவுட்சைட். ஏறினால் இன்சைட், இறங்கினால் அவுட்சைட் என்று உங்கள் கை பழகியிருக்கிறது. ஒரு வரியை அப் ஸ்ட்ரோக்கில் தொடங்கினால் இரண்டும் அப்படியே இடம் மாறிவிடும்.

ஷஃபிளில் அதுதான் நடக்கிறது. பீட்டுக்கு மூன்று நோட்டு வாசித்தால் முதல் பீட் டவுனில் தொடங்கும், இரண்டாவது அப்பில், மூன்றாவது மறுபடி டவுனில். ஒவ்வொரு இரண்டாவது பீட்டிலும் அழுத்தம் விழ வேண்டிய நோட்டு, கை பலவீனமாக இருக்கிற அப் ஸ்ட்ரோக்கில் வந்து மாட்டுகிறது. பீட்டுக்கு நான்கு நோட்டு பழகினால் இந்தச் சிக்கல் தலைகாட்டவே காட்டாது, ஏனென்றால் எல்லா பீட்டும் டவுனில்தான் தொடங்கும்.

மெட்ரோனோமை 60-ல் வையுங்கள். 4-ஆம், 3-ஆம் தந்திகள் மட்டும் (மெல்லிய தந்தியிலிருந்து எண்ணுங்கள்). பீட்டுக்கு மூன்று நோட்டு, ஒவ்வொரு பீட்டின் முதல் நோட்டிலும் அழுத்தம், அது எந்த ஸ்ட்ரோக்கில் வந்தாலும் சரி. பிறகு அதையே அப்பில் தொடங்குங்கள். பிக்கின் நுனி தந்திக்குக் கீழே ஒன்றிரண்டு மில்லிமீட்டருக்கு மேல் இறங்கக் கூடாது. ஆழமாக இறங்கினால் தந்தி தாண்டும்போது சிக்கும், சிக்கினால் மணிக்கட்டு இறுகும், அதற்குப் பின் எல்லாமே தாமதம். டவுன், அப் இரண்டு தொடக்கமும் ஒரே மாதிரி ஒலித்தால் 4 பிபிஎம் ஏற்றலாம். ஒன்று மட்டும் நன்றாக இருந்தால் ஏற்ற வேண்டாம்.

இப்போது நேரம். டெக்னிக் பாதியும் இம்ப்ரவைசேஷன் பாதியும் வேறுவேறு சரக்கை வைத்துக்கொண்டிருக்கும் வரை எப்படிப் பிரித்தாலும் பயன் இருக்காது. இன்றைய டெக்னிக் எதுவோ, இன்றைய இம்ப்ரவைசேஷனுக்கு அது மட்டும்தான் சரக்கு. அதில் எங்கே உடைகிறதோ, அதுதான் நாளைய டெக்னிக். இந்த வட்டம் ஓட ஆரம்பித்தால் 30–30 ஆ 40–20 ஆ என்பது பெரிய விஷயம் இல்லை.

உங்கள் ப்ளூஸையே எடுத்துக்கொள்வோம். அதில் வரும் கார்டுகள் (சேர்ந்து ஒலிக்கும் நோட்டுத் தொகுதிகள்) ஏ7, டி7, இ7. ஒவ்வொரு கார்டிலும் அதன் நிறத்தைக் காட்டுபவை மூன்றாவது, ஏழாவது நோட்டுகள். ஏ7-க்கு 4-ஆம் தந்தி 5-ஆம் ஃப்ரெட்டில் (கிட்டார் கழுத்தில் உள்ள கட்டம்) ஜி, 3-ஆம் தந்தி 6-ஆம் ஃப்ரெட்டில் சி ஷார்ப். டி7-க்கு இரண்டு விரலும் ஒரு ஃப்ரெட் பின்னால் போகும்: 4-ஆம் தந்தி 4-ல் எஃப் ஷார்ப், 3-ஆம் தந்தி 5-ல் சி. இ7-க்கு ஏ7 இடத்திலிருந்து ஒரு ஃப்ரெட் முன்னால்: 6-ல் ஜி ஷார்ப், 7-ல் டி. மூன்று கார்டும் நான்கு ஃப்ரெட்டுக்குள் அடங்கிவிட்டன.

வார்ம்-அப் 5 நிமிடம். அடுத்த 15 நிமிடம் மேலே சொன்ன தந்தி தாண்டும் பயிற்சி, ஆனால் இந்த நோட்டுகளையும் அவற்றுக்கு அரை ஸ்வரம் கீழே இருப்பவற்றையும் வைத்து. அடுத்த 20 நிமிடம் ட்ராக்கோடு, இந்த இரண்டு தந்தியும் இந்த நோட்டுகளும் மட்டும். 90-ல் ஒரு சுற்று 32 விநாடி, ஆக 20 நிமிடத்தில் 37 சுற்றுக்கு மேல் கிடைக்கும். சலிப்பு தட்டும், ஆனாலும் தாண்டிப் போகாதீர்கள். வேறு நோட்டு கிடையாது என்றால்தான் மனம் தாளத்தையும் இடைவெளியையும் தேடும். பிறகு 10 நிமிடம் எந்தக் கட்டுப்பாடும் இல்லாமல் வாசித்து ஃபோனில் பதிவு செய்யுங்கள். கடைசி 10 நிமிடம் கிட்டாரைக் கீழே வைத்துவிட்டு அதைக் கேட்டு, உடைந்த ஒரே ஒரு இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்று போதும். ஐந்து இடம் குறித்தால் மறுநாள் ஐந்துமே அரைகுறையாகத்தான் நடக்கும்.

கீழ்ஸ்தாயி

தாளக்கட்டு சொன்ன வட்டம் சரி. வரிசையில்தான் எனக்கு மாற்றுக் கருத்து. 15 நிமிடம் ட்ரில் செய்த கை, ட்ராக் போட்டதும் அதே ட்ரில்லைத்தான் கக்கும். காது அதன் பின்னால் ஓடும். கை சூடானதும் முதல் 10 நிமிடம் இம்ப்ரவைஸ் செய்யுங்கள், உடைந்த இடத்தை அப்போதே எடுத்து டெக்னிக் ஆக்குங்கள், முடிவில் மறுபடி ட்ராக்குக்குப் போங்கள்.

"ஸ்கேல் மாதிரி இருக்கிறது" என்பதற்கு விரல் காரணம் இல்லை. வரி எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது, நடுவில் எங்கே மூச்சு விடுகிறது என்று தீர்மானிக்காமலேயே வாசிப்பதுதான் காரணம். மூன்று நோட்டு எடுத்துக்கொள்ளுங்கள்: 3-ஆம் தந்தி 5-ல் சி, 7-ல் டி, 2-ஆம் தந்தி 5-ல் இ. முதல் சுற்று முழுவதும் 2-ஆம் பீட்டில்தான் தொடங்க வேண்டும். அடுத்த சுற்றில் 2-ஆம் பீட்டுக்கும் 3-ஆம் பீட்டுக்கும் இடையே. அதற்கடுத்ததில் 4-ஆம் பீட்டில் எடுத்து அடுத்த பாருக்குள் நுழைய வேண்டும். எடுப்பு மாறினாலே அதே மூன்று நோட்டு வேறு பாட்டாகிவிடும்.

கேள்வி–பதில் என்று பாரைப் பிரிப்பதும் உதவும். இரண்டு பார் வாசியுங்கள், இரண்டு பார் சும்மா இருங்கள். சும்மா இருக்கும் பாரில் அடுத்த வரியை வாயால் பாடுங்கள், பிறகு பாடியதை வாசியுங்கள். குரல் நன்றாக இருக்க வேண்டியதில்லை, சுருதியில் நோட்டு பிடிபட்டால் போதும். பாட முடியாத வரியைக் கை வாசித்தால் அது விரலின் பழக்கம், உங்கள் எண்ணம் அல்ல. பாடியது சிறியதாகவும் வாசித்தது நீளமாகவும் இருந்தால், கூடுதலாக வந்த நோட்டுகள் எல்லாம் கைப்பழக்கத்தில் வந்தவை.

ஒரு வரி பிடித்திருந்தால் உடனே அடுத்ததற்குத் தாவாதீர்கள். அப்படியே ஒரு முறை, தாளம் மாற்றி ஒரு முறை, கடைசி நோட்டு மட்டும் மாற்றி ஒரு முறை. ப்ளூஸின் 12 பார் நான்கு நான்காகப் பிரிவதே இதற்குத் தோதாக இருக்கிறது. முதல் நான்கில் சொல்லுங்கள், டி7-ல் தொடங்கும் அடுத்த நான்கில் அதையே கார்டுக்கு ஏற்ப ஒரு நோட்டு மாற்றிச் சொல்லுங்கள், கடைசி நான்கில் முடித்து வையுங்கள்.

இன்னொன்று, ஒரே தந்தியில் வாசித்துப் பாருங்கள். 2-ஆம் தந்தி மட்டும், முதல் ஃப்ரெட்டிலிருந்து 13 வரை. ஒரே இடத்தில் கை வைத்து வாசிக்கும் பாக்ஸ் வடிவம் காணாமல் போகும். கைக்குத் தெரிந்த வழி அடைபட்டால் காது தானாக முன்னே வரும்.

ஃப்ரெட்போர்டு

வரிசை பற்றி இருவர் சொன்னதிலும் நியாயம் உண்டு. இரண்டையும் சிறு துண்டுகளாக மாற்றி மாற்றி வைப்பது இன்னும் நல்லது. ஒரே பயிற்சியை 20 நிமிடம் தொடர்ந்து செய்தால் 20-ஆவது நிமிடத்தில் பிரமாதமாக இருக்கும், மறுநாள் பாதி காணாமல் போயிருக்கும். 5 நிமிடம் தந்தி தாண்டல், 5 நிமிடம் ட்ராக், 5 நிமிடம் பெண்ட் (தந்தியை வளைத்துச் சுருதி ஏற்றுவது), மறுபடி தந்தி தாண்டல் என்று சுழற்றினால் அந்த நேரத்துக்குச் சுமாராகத்தான் இருக்கும், ஆனால் அதிகம் தங்கும். உடலியக்கம் கற்பதில் இப்படி ஒரு விளைவு இருப்பதை ஷே, மார்கன் என்ற ஆய்வாளர்கள் 1979-லேயே காட்டினார்கள். அவர்கள் சோதித்தது இசை அல்ல, எளிய கை அசைவுகள். ஆனால் ஒவ்வொரு முறையும் கை புதிதாகத் தயாராக வேண்டியிருப்பது மேடையிலும் இருக்கிற நிலைதான்.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. புத்தம் புதிய அசைவு, உதாரணமாக முதன்முறை பழகும் ஸ்வீப் பிக்கிங் (ஒரே வீச்சில் பல தந்திகளை அடிப்பது) அல்லது விப்ராட்டோ (நோட்டின் சுருதியை லேசாக அசைப்பது), முதலில் சில நாள் தனியாகவே இருக்கட்டும். வடிவம் நிலைக்கும் முன் ட்ராக்கில் போட்டால் அவசரத்தில் தவறான அசைவு பதிந்துவிடும், அதைக் கழற்ற இரட்டிப்பு நேரம் ஆகும்.

ஆறாம்தந்தி

அருமை, நன்றி. அப்பில் தொடங்கிப் பார்த்தேன், 60-லேயே தள்ளாடுகிறது. நோய் எங்கே என்று புரிந்துவிட்டது.

பதிவைக் கேட்டதில் மீதிச் சிக்கல் இரண்டு. ஒன்று, 5-ஆம் பாரில் டி7 வரும்போது எப்போதும் தாமதமாகத்தான் மாறுகிறேன். இரண்டு, பெண்டுகள் கொஞ்சம் சுருதி குறைவாக நிற்கின்றன. பெண்டை டெக்னிக் கணக்கில் வைப்பதா, இம்ப்ரவைசேஷன் கணக்கில் வைப்பதா? ஒரு குறை சரியாகிவிட்டது என்று எதை வைத்து முடிவு செய்வது?

வளைதந்தி

பெண்ட் இரண்டிலும் சேரும், அதனால் இரண்டு இடத்திலும் வையுங்கள்.

முதலில் கை. 3-ஆம் தந்தி 7-ஆம் ஃப்ரெட், டி. இதை ஒரு முழு ஸ்வரம் ஏற்றினால் இ. அந்த இ, 2-ஆம் தந்தி 5-ஆம் ஃப்ரெட்டில் தயாராகக் கிடைக்கிறது. முதலில் அதை வாசித்துக் காதில் நிறுத்துங்கள், பிறகு டி-யை வளைத்து அங்கே போய் நில்லுங்கள், பிறகு இரண்டையும் சேர்த்து ஒலிக்க விடுங்கள். சுருதி சேரவில்லை என்றால் அலை அலையாக ஒரு அதிர்வு கேட்கும்; நெருங்க நெருங்க அலை மெதுவாகி, சேர்ந்ததும் நின்றுவிடும். மூன்றாம் விரலால் வளைக்கும்போது முதல் இரண்டு விரல்களும் அதே தந்தியில் பின்னால் நின்று தள்ள வேண்டும். கட்டை விரல் கழுத்தின் மேல் விளிம்பைப் பிடிக்கட்டும், விசை விரல் மூட்டிலிருந்து வராமல் முன்கை சுழல்வதிலிருந்து வரட்டும். சுருதி குறைவாக நிற்பதற்குப் பெரும்பாலும் காரணம் ஒற்றை விரலால் தள்ளுவதுதான். இன்னொன்று, வளைத்த தந்தி பக்கத்துத் தந்தியின் அடியில் நுழைந்து, திரும்பும்போது அதையும் ஒலிக்க வைக்கும். தடித்த தந்திகளை வலது உள்ளங்கையின் ஓரத்தாலும், பக்கத்துத் தந்தியை ஆள்காட்டி விரல் நுனியாலும் அடக்கி வையுங்கள்.

இனி காது. 1-ஆம் தந்தி 8-ஆம் ஃப்ரெட்டில் இருக்கும் சி-யை ஏ7-ன் மேல் சற்றே, அரை ஸ்வரத்துக்கும் குறைவாக, சி ஷார்ப்பை நோக்கி நெருக்குங்கள். ப்ளூஸின் உயிர் அந்த நெருக்கத்தில்தான் இருக்கிறது. டி7 வந்ததும் அதே சி அந்தக் கார்டின் ஏழாவது நோட்டு, வளைக்காமல் நேராக நிறுத்தலாம். ஒரே ஃப்ரெட், ஒரே விரல், கார்டைப் பொறுத்து வேறு சுருதி. இதை ட்ராக்கோடுதான் பழக முடியும், மெட்ரோனோமோடு முடியாது.

5-ஆம் பார் தாமதத்துக்குக் காரணம், டி7 காதில் விழுந்த பிறகு நோட்டைத் தேடுவது. 4-ஆம் பாரின் 3-ஆம் பீட்டில் வரியைத் தொடங்கி 5-ஆம் பாரின் முதல் பீட்டில் முடியுங்கள். முடியும் நோட்டு எஃப் ஷார்ப்: 4-ஆம் தந்தி 4, அல்லது உங்கள் பாக்ஸுக்கு உள்ளேயே 2-ஆம் தந்தி 7. ஜி-யிலிருந்து எஃப் ஷார்ப்புக்கு இறங்கலாம், சி ஷார்ப்பிலிருந்து சி-க்கும் இறங்கலாம், இரண்டும் ஒரே ஒரு ஃப்ரெட்தான். 12 பாரையும் ஓட்டாமல் 4, 5 ஆகிய இரண்டு பாரை மட்டும் லூப் செய்யுங்கள். 90-ல் அது ஐந்து விநாடி சொச்சம். ஐந்து நிமிடத்தில் ஐம்பது தடவைக்கு மேல் அந்த வாசலைக் கடந்துவிடலாம். ஒரு விஷயம்: சில ட்ராக்குகளில் 2-ஆம் பாரிலேயே டி7 வந்து போகும், உங்களுடையது அந்த வகையா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

சரியாகிவிட்டது என்று அன்றைக்கே முடிவு செய்யாதீர்கள். அந்த வரியை இரண்டு மூன்று நாள் தொடாமல் விடுங்கள். பிறகு, அதைத் தனியாக ஒத்திகை பார்க்காமல், ட்ராக்கின் வேகத்திலேயே, இரண்டு வேறு பீட்டில் தொடங்கி வாசியுங்கள். இரண்டும் நின்றால் முடிந்தது. ஒன்றுதான் நின்றது என்றால் அந்த ஒரு வரியைத்தான் மனப்பாடம் செய்திருக்கிறீர்கள், அசைவு இன்னும் வரவில்லை.

தாளக்கட்டு

வரிசை பற்றி கீழ்ஸ்தாயி சொன்னதை ஏற்கிறேன், ட்ரில் முடிந்த கை ட்ரில்லையே வாசிக்கும் என்பது உண்மை. ஆனால் வார்ம்-அப் இல்லாமல் பெண்டுக்கோ வேகத்துக்கோ போகாதீர்கள். விரலிலோ மணிக்கட்டிலோ வலி வந்தால் அன்று நிறுத்துங்கள். வலியைத் தாண்டி வாசித்துப் பழகுவது டெக்னிக் ஆகாது. மரத்துப்போதலோ ஊசி குத்துவது போன்ற உணர்வோ தொடர்ந்தால் மருத்துவரைப் பாருங்கள்.

20 நிமிடம்தான் கிடைக்கிற நாட்களில் டெக்னிக்கைத் தனியாக வைக்கவே வேண்டாம். முந்தைய நாள் உடைந்த இடத்தை மெட்ரோனோமில் 8 நிமிடம், மீதி ட்ராக்கில். அந்த நாட்களில் மெட்ரோனோமை 45-ல் வைத்து அந்தத் தட்டுகளை 2, 4 பீட்டுகளாகக் கேளுங்கள்; வேகம் 90 தான், ஆனால் 1-ஐயும் 3-ஐயும் நீங்கள் சுமக்க வேண்டும். முதல் பீட்டில்தான் எல்லாம் தொடங்குகிறது என்கிற உங்கள் பழக்கம் இதில் சீக்கிரம் உடையும், ஏனென்றால் சாய்ந்துகொள்ள அங்கே முதல் பீட்டே ஒலிக்காது.

ஃப்ரெட்போர்டு

லூப்பர் பெடல் (வாசித்ததைப் பதிந்து திரும்பத் திரும்ப ஒலிக்கும் கால்மிதி) வைத்துச் செய்வதாக இருந்தால் ஒரு எச்சரிக்கை. 4, 5 பார்களைப் பதியும்போது 5-ஆம் பாரின் 4-ஆம் பீட்டில் பெடலை மிதிக்கக் கூடாது, அடுத்து வரும் 1-ஆம் பீட்டில் மிதிக்க வேண்டும். சற்று முன்னால் மிதித்தால் லூப் குறுகி, ஒவ்வொரு சுற்றிலும் நீங்கள் பின்தங்குவது போலவே கேட்கும். குறை உங்கள் கையில் என்று நினைத்துக்கொண்டு இல்லாத நோய்க்கு மருந்து தேடுவீர்கள். மெட்ரோனோமைத் தனியாக ஓட விட்டுப் பத்து சுற்று கேளுங்கள். அதற்குள் விலகினால் லூப்பை அழித்துவிட்டுப் புதிதாகப் பதியுங்கள்.